ஏன் எழுந்தார்?

(மரக்காணத்தில், படுக்கையில் இருக்கும் நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் கிராம சுகாதாரப் பணியாளர்களும் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உப்பளத்து வேலையை முடித்து, வீட்டில் படுத்திருப்பவரைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எக்கியார்குப்பத்திலிருந்தும் அனுமந்தையிலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இனிக் குணமாக்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்லி வீட்டுக்கு அனுப்பிய ஒருவர், அவர் நம் அப்பாவாக இருக்கலாம், ஆயாவாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், வீட்டுக்குள் கீழே விழாமல் எப்படிக் காப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

"போகப்போற உசுரு, இதுல விழுந்தா என்ன, விழாட்டி என்ன" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். பெரிய துக்கம் ஒன்று வாசலில் நிற்கும்போது மற்றதெல்லாம் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் ஒருவருக்கு மூன்று மாதம்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று மாதத்தில் அவர் திண்ணைக்கு வந்து உட்காரலாம், பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதைப் பார்க்கலாம், தன் கையாலேயே சோறு பிசைந்து சாப்பிடலாம். இடுப்பு எலும்பு முறிந்தால் அன்றோடு இதெல்லாம் போய்விடுகிறது. அதன்பின் மல்லாந்த படுக்கை, புரட்டும்போதெல்லாம் அலறல், பத்து நாளில் முதுகில் புண். நோய் இன்னும் எடுக்காமல் விட்டு வைத்திருந்ததை விழுதல் எடுத்துக்கொண்டுவிடுகிறது. நாள் குறைவாக இருப்பவருக்குத்தான் விழுதல் அதிக நஷ்டம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், ஆண்டுதோறும் உலகம் முழுவதும் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். அதில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் நம்மைப் போன்ற நடுத்தர வருமான நாடுகளிலும் ஏழை நாடுகளிலும் இருப்பவர்கள். எதிர்பாராத விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். முற்றிய புற்றுநோய் உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு அயர்லாந்தில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2012இல் வெளியானது. 185 பேரை ஆறு மாதம் வரை தொடர்ந்து கவனித்ததில், பாதிப்பேர் ஒரு தடவையாவது விழுந்திருந்தார்கள். அதில் என்னை உலுக்கிய செய்தி வேறு. வயதானவர்கள்தான் விழுவார்கள் என்ற எண்ணம் அங்கே பொய்த்துப்போனது. நோய் முற்றியபின் நாற்பது வயதுக்காரரும் எழுபது வயதுக்காரரைப் போலவே விழுகிறார். "அவருக்கு என்ன வயசாயிடுச்சு, பாத்துக்குவாரு" என்று நாம் விட்டுவிடுகிற ஆளும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். லண்டனில் 1967இல் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கியபோது, மரணத்தை எதிர்நோக்கும் நோயாளிக்கென்று ஒரு தனி இடம் அமைந்தது. மும்பையில் 1986இல் சாந்தி அவேத்னா சதன் என்ற அதே மாதிரி இல்லம் வந்தது. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சைக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள்; அது வளர்ந்து, அக்கம்பக்கத்துச் சாதாரண மக்களே நோயாளியின் வீட்டுக்குப் போய் உதவும் இயக்கமாகக் கேரளத்தில் பரவியது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியபோது, பிரஷர், சுகர் மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வரவேண்டும் என்று அதில் சேர்த்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு நாம் திண்டிவனத்துக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போயாக வேண்டும். ஆனால் கடைசி மாதங்களின் வார்டு நம் வீட்டு நடுக்கூடம்தான். அழைப்பு மணியும் வழுக்காத தரையும் இரவு நர்சும் இல்லாத வார்டு. அதற்கேற்ற வழிகளைத்தான் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

விழுந்த வீட்டுக்குப் போனால் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எப்படி விழுந்தாரு?" கால் இடறிச்சு, தலை சுத்திச்சு, தண்ணி சிந்தியிருந்தது என்று பதில் வரும். அதையும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். நான் முதலில் கேட்பது வேறு: அவர் ஏன் எழுந்தார்? படுத்திருந்தவர் எழுந்ததற்கு ஒரு காரியம் இருந்திருக்கும். அந்தக் காரியத்தை அவருக்கு முன்னால் நாம் போய் முடித்து வைத்திருந்தால் அவர் தனியாக எழுந்திருக்கவே மாட்டார். உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நான் எடுத்து வந்தது இந்த ஒரு கேள்விதான்.

பெரும்பாலும் அவர் சிறுநீர் கழிக்க எழுந்திருப்பார். நேரம் நடுராத்திரி. பக்கத்தில் மகன் படுத்திருக்கிறான். ஏன் எழுப்பவில்லை என்று கேட்டால் கிடைக்கும் பதிலைக் கேட்டு நான் பலமுறை பேச்சற்று நின்றிருக்கிறேன். "காலையில அளத்துக்குப் போற புள்ள. இப்பத்தான் கண்ணசந்தான். எழுப்ப மனசு வரல." விழுந்து கிடந்தவர்களில் எத்தனையோ பேர் பிள்ளைமேல் வைத்த பாசத்தால் விழுந்தவர்கள். இன்னும் சிலருக்குக் கூச்சம். மாமனாருக்கு மருமகளைக் கூப்பிடக் கூச்சம். மகனிடம் மூத்திரம் வருகிறது என்று சொல்லத் தாய்க்குக் கூச்சம். இந்த இரண்டையும் திட்டித் தீர்க்க முடியாது. "எழுந்தா கூப்பிடுன்னு எத்தனை தடவ சொல்றது" என்று கடிந்துகொண்டால், அடுத்த இரவு இன்னும் சத்தமில்லாமல் எழுந்து போவார்.

ஆகவே கூப்பிட வேண்டிய நிலையே வராமல் செய்யுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து படுக்கப் போகும் முன் ஒருமுறை கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள். நடுவில் நீங்கள் தண்ணீர் குடிக்க எழும்போது, அவர் கேட்காவிட்டாலும் கேளுங்கள். ஆண்களுக்குச் சிறுநீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடுவை மருந்துக்கடையில் கிடைக்கும். கை எட்டும் இடத்தில் மாட்டி வையுங்கள். பெண்களுக்கு, உட்காரும் இடத்தில் துளையிட்ட நாற்காலியைக் கட்டில் ஓரமாகப் போட்டு, சேலையால் ஒரு மறைப்பும் கட்டிவிடுங்கள். மறைப்பு இல்லாத வீட்டில் அந்த நாற்காலியை யாரும் தொடுவதில்லை; இருட்டில் வெளிக்கழிப்பறையைத் தேடித்தான் போவார்கள். நீர் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதைக் காலையில் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சாயங்காலம் கொடுத்தால் ராத்திரி முழுக்க எழுந்துகொண்டிருப்பார்.

கூப்பிட ஒரு வழியும் வேண்டும். தொண்டை வற்றிய நோயாளியின் குரல் மூன்றடி தாண்டாது. எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் போதும், சின்ன மணி கிடைத்தால் நல்லது. அதைக் கையில் கொடுக்கும்போது சொல்லுங்கள்: "நீ தட்டினா எனக்கு தூக்கம் கெடாதுப்பா. நீ விழுந்தாதான் கெடும்." அப்பாக்களுக்கு இந்தப் பேச்சு புரியும்.

மரக்காணத்துக்கே உரிய ஒரு காரணமும் இருக்கிறது. இங்கே 3,000 ஏக்கருக்கும் மேல் உப்பளம். தை தொடங்கி மழைக்காலம் வரும் வரை வேலை. வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க வேண்டும் என்பதால் இருட்டிலேயே அளத்தில் இறங்கிவிடுகிறீர்கள். முப்பது நாற்பது வருடம் அப்படி எழுந்த உடம்பு, நோய் வந்தபின்னும் அந்த நேரத்துக்கு எழுந்துகொள்ளும். கடலுக்குப் போனவர்களுக்கும் அப்படித்தான். மூளை குழம்பத் தொடங்கிய கடைசி வாரங்களில் இது இன்னும் கூடும். "பாத்தி மிதிக்கணும், நேரமாச்சு" என்று எழுந்து கூடையைத் தேடிய பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். இதைப் பிதற்றல் என்று தள்ளாதீர்கள். அவர் பிழைப்புக்காக எழுந்த நேரம் அது. சோகம் என்னவென்றால், வீட்டில் வேலைக்குப் போகிற மற்றவர்கள் கிளம்பிப்போய் அவர் தனியாக இருக்கும் நேரமும் அதுவேதான். அளம் ஓடும் மாதங்களில் அதிகாலை மூன்று மணியிலிருந்து காலை ஒன்பது மணி வரை யார் கூட இருப்பது என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். தெருவில் நான்கு வீடு சேர்ந்து முறை வைத்துக்கொள்ளலாம். கேரளத்தில் அக்கம்பக்கத்தார் நோயாளி வீட்டுக்குப் போய் உதவுவதும் இதே எண்ணத்தில்தான்.

எழுந்துவிட்டவரிடம் "அளமும் இல்ல, ஒண்ணும் இல்ல, படு" என்று வாதாடாதீர்கள். "இன்னிக்கு மேகமா இருக்கு தாத்தா, வாரல் இல்லையாம். டீ குடிச்சிட்டு உக்காரு" என்று சொல்லி உட்காரவைத்துப் பாருங்கள். அப்புறம் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலும், நான்கு நாளாக மலம் போகாமல் இருந்தாலும், வலி இருந்தாலும், சொல்லத் தெரியாத நோயாளி எழுந்து எழுந்து உட்காருவார். திடீரென்று ஒரே நாளில் குழப்பம் வந்தால் அதற்கு மருந்தால் சரியாகும் காரணம் இருக்கலாம்: காய்ச்சல், உடம்பில் நீர் வற்றுவது, எலும்பில் பரவிய புற்றுநோயால் ரத்தத்தில் கால்சியம் ஏறுவது. நர்சுக்குப் போன் செய்யுங்கள்.

இனி, எழுந்தவர் ஏன் நிற்க முடியாமல் போகிறார் என்பதைப் பார்ப்போம். இங்கே என்னைக் கோபப்படுத்தும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பத்து வருடமாக ஒருவர் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அப்போது அவர் எழுபது கிலோ. இப்போது புற்றுநோய் வந்து நாற்பத்தைந்து கிலோ ஆகிவிட்டார், சாப்பாடு இரண்டு வாய்தான். ஆனால் மாத்திரை மட்டும் அதே அளவில் மாதாமாதம் வந்துகொண்டிருக்கிறது, அவரும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். படுத்திருக்கும்போது சரியாக இருக்கும் ரத்த அழுத்தம், எழுந்து நின்றதும் சரசரவென்று இறங்குகிறது. கண் இருட்டுகிறது, விழுகிறார். சுகர் மாத்திரைக்கும் ஊசிக்கும் இதே கதைதான். சாப்பிடாதவருக்குப் பழைய அளவில் கொடுத்தால் விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்து மயங்குவார். சுகாதாரப் பணியாளர்களை இதற்காகவே கேட்டுக்கொள்கிறேன். மாத்திரை கொடுக்கப் போகும்போது, நோயாளியை ஐந்து நிமிடம் படுக்கவைத்து அழுத்தம் பாருங்கள். பிறகு பிடித்துக்கொண்டே நிற்கவைத்து, ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ குறைந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். இதற்குப் புதிய கருவி வேண்டாம், புதிய அரசாணை வேண்டாம். கையில் இருக்கும் அதே பிரஷர் மெஷின் போதும்.

வீட்டில் இருப்பவர்களே, நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். குறைக்கலாமா என்று கேட்பது உங்கள் உரிமை. கேளுங்கள்.

தூக்க மாத்திரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த அயர்லாந்து ஆய்வில் விழுதலோடு சேர்ந்து வந்தவை என்று கண்டவற்றில் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் ஒரு வகை மாத்திரையின் அளவும் ஒன்று. மூளைக்குப் பரவிய நோய், ஏற்கெனவே விழுந்திருப்பது, மனச்சோர்வு ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. கூடவே வலியும் இருந்தது. வலியைக் கவனியுங்கள். மார்ஃபின் கொடுத்தால் தலை சுற்றும், விழுந்துவிடுவார் என்று பயந்து, அதைப் பாதியாக்கிக் கொடுக்கும் குடும்பங்கள் உண்டு. பயம் நியாயமானதுதான், மார்ஃபின் தொடங்கிய முதல் சில நாட்களிலும் அளவு கூட்டும் நாட்களிலும் மயக்கமும் கிறுகிறுப்பும் வரும், அந்த நாட்களில் ஆள் கூடவே இருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அது சில நாளில் தணிந்துவிடும். வலியோடு நடப்பவரோ ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்து, எங்கே பிடிமானம் என்று தேடித் தேடி, தினமும் விழும் நிலையிலேயே நடக்கிறார். வலிக்கு மருந்தைக் குறைத்து விழாமல் காத்துவிடலாம் என்பது தப்புக் கணக்கு. மார்ஃபினோடு மலமிளக்கி கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் முக்கி முக்கிக் கழிப்பறையிலேயே மயங்கியவர்கள் இருக்கிறார்கள்.

டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு மருந்து வாரக்கணக்கில் போனால் தொடைத் தசை கரையலாம். அப்படிப்பட்டவர் நடந்துவிடுவார், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கத்தான் முடியாது. பாயில் படுப்பவருக்கு அது பெரிய தண்டனை. சிஸ்பிளாட்டின், பாக்ளிடாக்சல், வின்கிரிஸ்டின் போன்ற புற்றுநோய் ஊசிகள் போட்டுக்கொண்டவர்களுக்குப் பாதம் மரத்துப் போகலாம். இதோடு நம் அளத்துக் கால்களையும் சேர்த்துப் பாருங்கள். உப்புநீரில் நின்று நின்று வெடித்த பாதம், தடித்த தோல், ஆறாத சின்னச் சின்னப் புண். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலைப் பார்த்தே சலித்த கண், அதில் புரையும் விழுந்திருக்கும். தலையில் உப்புக்கூடையோடு ஓரடி வரப்பில் அம்பாரம் வரை நடந்த கால்தான் இது; அப்போது காலே தரையைப் பார்த்துக்கொண்டது. இப்போது தரை காலுக்குத் தெரிவதில்லை, கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆனால் அவர் மனது அதை ஒப்புக்கொள்ளாது. வரப்பில் விழாதவன் வீட்டிலா விழுவேன் என்பார். அந்தப் பெருமையைப் புண்படுத்தாமல் கையைக் கொடுங்கள்.

ஓர் அவசரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், மறக்கக் கூடாது. புற்றுநோய் உள்ளவருக்குப் புதிதாகக் கடுமையான முதுகுவலி வந்து, இரண்டு காலும் தளர்ந்து, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தால், தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம். பலவீனம் என்று நினைத்து இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு. நேரத்தில் போனால் நடையைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

வீட்டுக்கு வருவோம். சுனாமிக்குப் பின் கட்டிக் கொடுத்த வீடானாலும் தொகுப்பு வீடானாலும், கட்டிலிலிருந்து கழிப்பறை வரை நீங்களே ஒருநாள் இரவு விளக்கில்லாமல் நடந்து பாருங்கள். நிலைப்படி, ஓரம் சுருண்ட பாய், வாசலில் போட்ட சாக்கு, செருப்பு, டேபிள் ஃபேன் ஒயர், குடத்தடியில் எப்போதும் இருக்கும் ஈரம் எல்லாம் அப்போது தெரியும். சாக்கையும் பாயையும் எடுத்துவிடுங்கள். நிலைப்படியில் வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள், சுண்ணாம்பு போதும். ராத்திரி முழுக்க ஒரு சின்ன பல்பு எரியட்டும். நம் கடற்கரையில் கரண்டு போகாத மழைக்காலம் கிடையாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல். அந்த மாதிரி இருட்டில், படுக்கையில் நோயாளி இருக்கும் வீட்டில் தலையணைக்கடியில் ஒரு டார்ச் இருக்க வேண்டும், அது எரிகிறதா என்று ஐப்பசியிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

கைப்பிடியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. நகரத்தில் சுவரில் இரும்புக் கம்பி பதிக்கச் சொல்வார்கள். உப்புக்காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பார்க்க உறுதியாக இருக்கும், திருகாணி உள்ளுக்குள் அரித்திருக்கும், ஆள் பாரத்தைப் போட்டதும் கையோடு வந்துவிடும். இரவல் வாங்கிய வாக்கரும் கழிப்பறை நாற்காலியும் இப்படித்தான். மாதம் ஒருமுறை மூட்டுகளை ஆட்டிப் பாருங்கள், அடியில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். கைப்பிடிக்கு நம் ஊர்ச் சவுக்குக் கம்பை விட நல்லது இல்லை. வாசலிலிருந்து கழிப்பறை வரை நான்கு கால் நட்டு, இடுப்பு உயரத்தில் வழவழப்பாகச் சீவிய சவுக்கைக் குறுக்கே கட்டுங்கள். அதற்குப் பதில் வலைக்கயிறு கட்டுகிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். வழி காட்டக் கயிறு உதவும், பாரம் தாங்கும்போது ஊசலாடிவிடும்.

படுக்கை எவ்வளவு உயரம் வேண்டும் என்பது ஆளைப் பொறுத்தது. நடக்க முடிகிறவருக்கு, ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிகிற உயரத்தில் கட்டில் வேண்டும். நடுவில் தொய்ந்த கயிற்றுக் கட்டிலிலிருந்து தசை கரைந்தவரால் எழவே முடியாது. மனம் குழம்பி, நிற்க வலுவில்லாமல், ஆனாலும் எழ முயல்கிறவருக்குத் தரையில் மெத்தை போடுவதே பத்திரம். அங்கிருந்து விழ இடமில்லை.

இப்போது மனசைக் கஷ்டப்படுத்தும் ஒன்று. சில வீடுகளில் நோயாளியின் கையைக் கட்டிலோடு துணியால் கட்டியிருப்பதைப் பார்க்கிறேன். வேறு சில வீடுகளில் விழாமலிருக்கக் கட்டிலின் இரு பக்கமும் நாற்காலிகளை நெருக்கி வைத்திருப்பார்கள். இவற்றையும் அன்பினால்தான் செய்கிறார்கள், அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் எழ நினைப்பவர் அந்த நாற்காலிமேல் ஏறித்தான் தாண்டுவார்; ஒன்றரை அடியிலிருந்து விழவேண்டியவர் மூன்றடியிலிருந்து விழுவார். கட்டுண்டவர் இழுத்து இழுத்துத் தோலை உரித்துக்கொள்கிறார், குழப்பம் கூடுகிறது, படுத்தே கிடந்து மிச்சத் தசையும் போகிறது. ஆஸ்பத்திரிகளிலும் கட்டிப்போடுவதால் விழுதல் குறைவதில்லை என்பது தெரிந்த விஷயம். வாழ்நாளெல்லாம் உழைத்த கைகளைக் கட்ட வேண்டாம். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் எழ முயல்வதில் பாதி நின்றுவிடும்.

அதே போல, விழுந்துவிடுவார் என்ற பயத்தில் நடக்கவே விடாமல் வைப்பதும் சரியில்லை. தினமும் இருமுறை, துணையோடு, பத்தடியாவது நடக்க முடிகிறவரை நடக்கட்டும். எழும் முறை இது: முதலில் ஒருக்களிக்க வேண்டும், முழங்கையை ஊன்றி உட்கார வேண்டும், காலைத் தொங்கவிட்டு நூறு எண்ணும் வரை இருந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும், தலை சுற்றவில்லை என்றால் நிற்க வேண்டும். வேட்டி கணுக்காலுக்கு மேலே இருக்கட்டும். சேலைக்குப் பதில் நைட்டி போடுகிறவர்களுக்கு அது பாதத்தில் புரளாத நீளமாக இருக்கட்டும். தொளதொளவென்ற ரப்பர் செருப்பை விட, பின்பக்கம் வார் உள்ள செருப்பு நல்லது.

இவ்வளவும் செய்தும் ஒருவர் விழலாம். விழுந்தால் உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரியிலும் நோயாளிகள் விழுகிறார்கள். விழும்போது பக்கத்தில் இருந்தால் தூக்கிப் பிடிக்கப் பார்க்காமல், உங்கள் தொடைமேல் சரியவிட்டு மெதுவாகத் தரையில் உட்காரவையுங்கள். விழுந்தபின் ஓடிப்போய் அக்குளில் கைகொடுத்து இழுத்துத் தூக்காதீர்கள். அங்கேயே தலையணை வையுங்கள். பேசச் சொல்லுங்கள், எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு முறிந்திருக்கும். தலையில் அடிபட்டவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோயும் ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோயும் எலும்பில் பரவக்கூடியவை. அப்படிப் பரவியவர்களுக்குச் சின்ன விழுதலே எலும்பை முறிக்கலாம்.

முறிந்தது என்று தெரிந்தபின், இந்த நிலையில் ஆபரேஷன் எதற்கு என்று உறவினர்கள் சொல்வார்கள். சில நாட்களே மீதி என்றால் அசையாமல் வைத்து வலியை முழுக்க அடக்குவது போதும். சில மாதம் இருக்கும் என்றால், நடக்கவைக்க முடியாவிட்டாலும் வலியைக் குறைக்கவே ஆபரேஷன் உதவலாம். இதைத் தெருவில் நின்று பேசி முடிவு செய்யாதீர்கள். நோயாளியிடம் கேளுங்கள். அவருடைய உடம்பு, அவருடைய நாட்கள்.

சுகாதாரப் பணியாளர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். வீட்டுக்குப் போகும்போது வலி எவ்வளவு, மாத்திரை தீர்ந்ததா என்று எழுதுகிறீர்கள். போன முறை வந்தபின் விழுந்தாரா என்று ஒரு வரி சேருங்கள். விழப் போய்த் தப்பியதையும் எழுதுங்கள். ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு அதிகம். பக்கத்தில், எத்தனை மணிக்கு, எதற்காக எழுந்தார் என்று எழுதுங்கள். நம் மரக்காணத்துக்கென்று அப்படி ஒரு பதிவு இப்போது நம் கையில் இல்லை. ஒரு சீசன் முழுக்க எழுதி வைத்தால், எந்தத் தெருவில் எந்த நேரத்தில் துணைக்கு ஆள் வேண்டும் என்பது நோட்டிலேயே தெரிந்துவிடும்.

கடைசியாக, அடிக்கடி வரும் ஒரு சந்தேகம். "கடலைப் பாக்கணும், அளத்தைப் பாக்கணும்னு சொல்றாரு, வெளியே கூட்டிட்டுப் போனா விழுந்துட்டா என்ன பண்றது" என்று கேட்கிறீர்கள். கூட்டிக்கொண்டு போங்கள். கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மார்புக்குக் குறுக்கே துண்டை அவருக்குத் தெரியும்படி, அவர் சம்மதத்தோடு சுற்றி, இரண்டு பக்கமும் இருவர் அடியில் பிடித்துத் தூக்கினால் மணல்வரை போகலாம். மணலில் நாற்காலிக் கால் புதையும், அதனால் ஒரு பலகையை முன்னாலேயே கொண்டுபோய்ப் போட்டு வையுங்கள். கிளம்புமுன் வலி மருந்து கொடுத்து அரைமணி நேரம் விடுங்கள். சிறுநீர் கழிக்கவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இதையெல்லாம் காதால் கேட்டால் மட்டும் கை பழகாது. ஒரு நீளமான பருத்தித் துண்டும் இரண்டு நாற்காலியும் இங்கே வைத்திருக்கிறேன். துண்டை மடித்து இடுப்பில் இறுக்கமாகக் கட்டி, பலவீனமான பக்கம் அரையடி பின்னால் நின்று, அதைப் பிடித்து எழுப்ப வேண்டும். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. வயிற்றில் புண்ணோ மலப் பையோ இருப்பவருக்கும், முதுகெலும்பில் நோய் பரவியவருக்கும் இந்த முறை வேண்டாம், அவர்களுக்கு வேறு முறை காட்டுகிறேன். வீட்டில் தினமும் தூக்குகிறவர்கள், முக்கியமாகத் தனியாகத் தூக்குகிற பெண்கள், நான்கு பேர் முன்னால் வாருங்கள். ஒருவர் நோயாளியாக உட்காருங்கள், ஒருவர் கட்டுங்கள். எல்லாருக்கும் கை பழகும்வரை செய்து பார்ப்போம்.